மூன்றாவது கறுப்பு வளையம்

போர்வெனீரில் காற்றுக்கு விடுமுறை கிடையாது.
படகு எஞ்சினை விற்க
நான் எடுத்த முதல் வீடியோவில்
நிபால்டோவின் வாய் அசைகிறது,
பேசுவது காற்று.
ஜலசந்திக்கு அக்கரையிலிருந்து
வாங்க நினைத்தவர் எழுதினார்:
"விற்பது எஞ்சினா, புயலா?"

மைக் ஒன்று வாங்கினேன்.
விரல் நீளம், தலையில் சாம்பல் மயிர்த் தொப்பி.
பக்கத்து வீட்டு நாய்
அதைப் பார்த்து அரைமணி நேரம் குரைத்தது.
செருகினேன், எடுத்தேன், போட்டுப் பார்த்தேன்.
மறுபடியும் புயல்.

மைக்கை நகத்தால் சுரண்டினேன்.
திரையில் பச்சைக் கோடு தூங்கிக்கொண்டிருந்தது.
போனின் அடியில் இருந்த ஊசித் துளையைச் சுரண்டினேன்,
துள்ளி எழுந்தது.
வந்த விருந்தாளியை வாசலில் நிறுத்திவிட்டு
பழைய காதாலேயே இதுவரை
கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது போன்.

கடைக்கார ஓவிடியோ
பின்னை வெளிச்சத்தில் பிடித்துக்
கறுப்பு வளையங்களை எண்ணினான்.
"இரண்டுதான் இருக்கிறது. இது கேமராவுக்கு.
போனுக்கு மூன்று வேண்டும், சென்யோரா இஸ்மேனியா."
ஒரு வளையத்துக்காக இத்தனை பாடு!
மூவாயிரம் பேசோவுக்குக்
கட்டைவிரல் அளவில் ஒரு வால் தந்தான்.

ஞாயிற்றுக்கிழமை
எஞ்சினின் காலைத் தண்ணீர் டிரம்மில் இறக்கி
கயிற்றை இழுத்தான் நிபால்டோ.
பிடித்துக்கொண்டது.
மைக்கை அருகே நீட்டினேன்.
அவன் தொண்டையைச் செருமிச் சொன்னான்:
"இருபத்தாறு வருடம்
ராஜநண்டுக்குப் போய் வந்த எஞ்சின்.
ஒரு நாள் மக்கர் செய்ததில்லை."

சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு
ஹெட்போனில் போட்டேன்.
காற்று இல்லை!
மேல்கோட்டின் ஜிப் உரசுகிறது.
அவன் மூச்சில் மெல்லிய விசில்.
டிரம் விளிம்பில் தண்ணீர் தளும்புகிறது.
அப்புறம் எஞ்சின்,
டக் டக் டக் என்று ஒழுங்காக,
ஏழெட்டுத் துடிப்புக்கு ஒருமுறை
ஒரு சின்ன இருமல்.

திரும்பப் போட்டேன். இருமல்.
இன்னொரு முறை. இருமல்.

பொய் சொல்கிறவன் இல்லை அவன்.
அந்த எஞ்சினே அவன் காதைத் தின்றுவிட்டது,
தன் இருமலையும் சேர்த்து.
எனக்கோ இத்தனை நாள்
காற்று மூடி வைத்திருந்தது.

முதல் வீடியோவையே
இன்னொரு ஆளுக்கு அனுப்பிவிடலாமா
என்றுகூட நினைத்தேன். நினைத்தது உண்மை.
கூரைக்குத் தகரம் வாங்க வேண்டும்.
பிறகு ஹெட்போனைக் கழற்றி
அவன் தலையில் மாட்டினேன்.
ஒலியை முழுக்க ஏற்றினேன்.

முதலில் சிரித்தான், தன் குரலுக்கு.
பிறகு சிரிப்பு நின்றது.
விரலால் மேஜையில் எண்ணினான்:
ஆறு, ஏழு...
"எப்போதிருந்து?" என்றான்,
ஹெட்போனோடு, ஊருக்கே கேட்கும்படி.
எனக்கு எப்படித் தெரியும்?

மறுபடி முற்றத்துக்குப் போனோம்.
மயிர்த் தொப்பியை முகத்தருகே பிடித்து
சட்டையில் மருந்து வாங்க வந்தவன் போல
மெதுவாகச் சொன்னான்:
"இருமுகிறது. கேளுங்கள்.
நாற்பதாயிரம் குறைத்துக்கொள்கிறேன்."

அனுப்பினோம்.
பதில் பத்து நிமிடத்தில் வந்தது:
"படகுத்துறையில் நிற்கிறேன், இங்கே ஒரே காற்று,
ஒன்றும் காதில் விழவில்லை.
பெயின்ட் நன்றாக இருக்கிறது.
வியாழக்கிழமை கப்பலில் வருகிறேன்."

வரட்டும். நேரில் கேட்கட்டும்.

அன்று இரவு நிபால்டோ தூங்கவில்லை.
மைக்கைப் பிடித்து வீட்டைச் சுற்றி வந்தான்.
பிரிட்ஜை எடுத்தான், போட்டுக் கேட்டான்.
அடுப்பை எடுத்தான், போட்டுக் கேட்டான்.
கடைசியில் என் முன்னால் வந்து
சாம்பல் தொப்பியை நீட்டினான்.
"ஏதாவது சொல்லேன்."

சொல்ல எவ்வளவோ இருந்தது.
வாயில் வந்தது,
முந்நூறு முறை சொன்னதுதான்:
"குளியலறைக் குழாயைச் சரியாக மூடு, ஒழுகுகிறது."

சிவப்புப் பொத்தானை அழுத்தி நிறுத்தினான்.
போட்டுக் கேட்டான்.
இன்னொரு முறை கேட்டான்.
எழுந்து போய் மூடினான்.